அடுத்த வீட்டுச் சுவர்
செந்தூல் வரிசை வீடுகளும் பொதுச் சுவரின் வரலாறும்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் பட்டறிந்து கூறிய பழமொழி. இரண்டிலும் கைப்பொருள் கரையும். இரண்டிலும் உற்றாரும் அயலாரும் ஆளுக்கொரு கருத்துச் சொல்ல வருவர். ஆயினும் இப்பழமொழி வழங்கிய சிற்றூர்களில் வீடு கட்டியவனுக்கு ஒரு வசதி இருந்தது. வீட்டைச் சுற்றி வெற்றிடம் கிடந்தது. ஏணி சாத்தவும், மண்ணைக் கொட்டவும், சுவருக்கு வெளிப்புறம் நின்று சாந்து பூசவும் இடமிருந்தது.

செந்தூலில் வீடு கட்டுவோருக்கு அவ்வசதி இல்லை. இடப்புறம் ஒருவர் சுவர், வலப்புறம் மற்றொருவர் சுவர், முன்னே தெரு, பின்னே சந்து. 20 அடி அகலமும் 70 அடி நீளமும் கொண்ட மனை என்றால் கோலாலம்பூர்வாசிகளுக்குச் சொல்லாமலே விளங்கும். தந்தை உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய அத்தகைய டெரஸ் வீடு பழுதடைகிறது. மகனுக்குத் திருமணமாகிறது, பேரப் பிள்ளைகள் பிறக்கின்றனர். இடித்துவிட்டு மாடி எடுத்துக் கட்டலாம் என்று குடும்பத்தார் கூடி முடிவு செய்கின்றனர். அன்றைக்கே ஒரு வினாவும் பிறந்துவிடுகிறது: நடுவில் நிற்கும் சுவர் யாருடையது?

இவ்வினாவையொட்டி நம்மவரிடையே இரண்டு நம்பிக்கைகள் வேரூன்றியுள்ளன. "என் நிலத்தில் நான் எவ்வளவு ஆழமும் தோண்டுவேன், அதைக் கேட்க நீ யார்?" என்பது ஒன்று. "நாற்பது ஆண்டாக இந்தச் சன்னல் வழியே வெளிச்சம் வருகிறது, அதை அடைக்க எவனுக்கும் உரிமை கிடையாது" என்பது மற்றொன்று. முதலாவது கட்டுவோன் சொல்வது. இரண்டாவது பக்கத்து வீட்டுக்காரன் சொல்வது. இவ்விரண்டுமே பிழையானவை. பிழை எங்குள்ளது என்பதைக் காணச் சுவரின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

பண்டைய வழக்கு

நெடுநல்வாடையில் அரசனுக்கு மாளிகை வகுக்கும் காட்சி ஒன்று வருகிறது. சிற்ப நூல் வல்லார் கதிரவனின் நிழல் கொண்டு திசையறிந்து, கயிறு பிடித்து மனையை வகுக்கின்றனர். அரசன் மனைக்கு அயல் மனை என்று ஒன்று இல்லை. ஆதலின் அங்கே எல்லை வழக்கும் இல்லை. குடிமக்கள் நெருங்கி வாழும் நகரத்திலோ நிலை வேறு. வடமொழி அர்த்தசாஸ்திரத்தின் மூன்றாம் அதிகரணம் இதனை விரிவாகவே பேசுகிறது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே விடவேண்டிய வெளி, கழிவுநீர் செல்லும் வழி, சன்னல் வைக்கும் முறை ஆகியவற்றுக்கு அந்நூல் விதி கூறித் தண்டமும் கூறுகிறது. இவையனைத்தையும் கூறியபின், அண்டை வீட்டார் தம்முள் கூடிப் பேசி விரும்பியவாறு செய்துகொள்ளலாம் என்றும் இடம் கொடுக்கிறது. இக்குறிப்பை வாசகர்கள் நினைவில் வைத்தல் நலம். கட்டுரையின் முடிவில் மீண்டும் இங்கேயே வந்து சேருவோம்.

தமிழ்நாட்டில் அக்கிரகாரங்களிலும் பழைய நகரத் தெருக்களிலும் வீடுகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்பதைக் காண்கிறோம். அகலம் குறைவு, நீளம் மிகுதி. பக்கச் சுவரில் சன்னல் வைக்க வழியில்லை. ஆதலின் வெளிச்சத்தை வானத்திலிருந்தே வாங்கினர். நடுவே முற்றம் விட்டனர். தெருப்பக்கம் திண்ணை, நடுவே முற்றம், பின்னே கொல்லை என்னும் இவ்வமைப்பு குறுகிய மனைக்கு மிகவும் பொருந்துவது. இதே அமைப்பைத் தென்சீனத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் மரபின்படி மலாயாவுக்குக் கொண்டுவந்தனர். செந்தூலிலோ ஈப்போ சாலையிலோ உள்ள பழைய கடைவீடு ஒன்றில் நுழையும் தமிழன், நடுமுற்றத்தைக் கண்டதும் ஊர் நினைவு கொள்வது இதனாலேயே.

நெருப்பு வகுத்த விதி

முற்றம் வெளிச்சத்துக்காக ஏற்பட்டது. பொதுச் சுவருக்கு விதி ஏற்பட்டதோ பெரும்பாலும் நெருப்பினால். இலண்டன் மாநகரில் 1189ஆம் ஆண்டினது எனக் கூறப்படும் ஓர் ஒழுங்குமுறை உண்டு. அதன்படி அண்டை வீட்டார் இருவரும் ஆளுக்கு ஒன்றரை அடி நிலம் விட்டு, மூன்றடி கனமும் பதினாறு அடி உயரமும் கொண்ட கற்சுவரைக் கூட்டாக எழுப்பலாம். நிலம் பாதி, செலவு பாதி, உரிமை பாதி. அவ்விதி வந்தும் இலண்டன் நெடுங்காலம் மரவீடுகளின் நகரமாகவே இருந்தது. 1666 செப்டம்பரில் மூண்ட பெருந்தீ ஏறத்தாழ 13,200 வீடுகளை எரித்தது. அடுத்த ஆண்டு பிறந்த சட்டம் செங்கல்லாலோ கருங்கல்லாலோதான் வீடு கட்ட வேண்டும் என்று ஆணையிட்டு, பொதுச் சுவரின் கனத்தையும் வரையறுத்தது. அடுத்த வீட்டுத் தீயை ஒரு நாழிகையேனும் தடுத்து நிறுத்துவதே அச்சுவரின் முதற் கடமை எனக் கருதப்பட்டது.

கோலாலம்பூரும் அதே பாடத்தை அதே ஆசிரியரிடம்தான் கற்றது. 1880இல் சிலாங்கூரின் நிர்வாகத் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. அந்நாளில் ஊர் முழுவதும் மரச்சுவரும் அத்தாப்புக் கூரையுமாக நெருங்கிக் கிடந்தது. 1881 ஜனவரியில் தீப்பற்றி ஊரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அதே ஆண்டில் வெள்ளமும் வந்து எஞ்சியதை அலைக்கழித்தது. காப்பித்தான் யாப் ஆ லோய் தலைமையில் மக்கள் ஊரை மீண்டும் எழுப்பினர். 1882இல் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், தெருக்களை அகலப்படுத்தவும், வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டவும் வற்புறுத்தினார். செங்கல்லுக்குத் தேவை பெருகியது, சூளைகள் எழுந்தன. யாப் ஆ லோயும் செங்கற் சூளை நடத்தினார். பிரிக்பீல்ட்ஸ் என்னும் பகுதி இன்றும் அச்சூளைகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவ்வாறு எழுந்த கடைவீடுகளின் அகலத்தைக் கவனித்தல் வேண்டும். பெரும்பாலும் 16 முதல் 20 அடி. அதற்கு மேல் அரிது. காரணம் மரத்தில் இருக்கிறது. இடச்சுவருக்கும் வலச்சுவருக்கும் குறுக்கே ஒரே உத்தரமாக மரத்தைப் போட வேண்டும். இடையில் தூண் நிறுத்தாமல், தொய்வில்லாமல் பாரம் தாங்கும் நீளம் அவ்வளவே. ஆகவே மாடித்தளமும் கூரையும் பக்கச் சுவர்களின் மீதே அமர்ந்தன. அடுத்த வீட்டு உத்தரமும் மறுபக்கத்திலிருந்து அதே சுவரில் வந்து புகுந்தது. ஒரே சுவர் இரண்டு குடும்பங்களின் பாரத்தைச் சுமந்தது. வரிசையின் நடுவிலுள்ள வீடு தன் இருபக்கத்து வீடுகளால் அணைத்துப் பிடிக்கப்பட்டு நின்றது எனலாம்.

முகப்பிலுள்ள ஐந்தடி நடைக்கும் ஒரு வரலாறு உண்டு. மலாயில் இதனைக் 'காக்கி லீமா' என்பர். 1822இல் ஸ்டாம்போர்ட் ராபிள்ஸ் சிங்கப்பூர் நகர அமைப்புக்கு வகுத்த கட்டளைகளில், ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையுள்ள நடைபாதை விடப்பட்டு, அது தெரு நெடுகத் தொடர்ந்து எப்போதும் திறந்திருத்தல் வேண்டும் என்று விதித்தார். அம்முறை பின்னர்த் தீபகற்பத்து நகரங்களிலும் பரவியது. தன் நிலத்தில் ஒரு பகுதியை வழிப்போக்கனின் மழைக்கும் வெயிலுக்குமாக வீட்டுக்காரன் விட்டுக் கொடுத்தான். பக்கத்தில் சுவரைப் பங்கிட்டான். முன்னே நிழலைப் பங்கிட்டான்.

பின்புறத்துச் சந்து காலத்தால் பிந்தியது. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வீடுகளில் காற்று புகாமல் காசநோய் பெருகிற்று. சிங்கப்பூரின் சுகாதார நிலையை ஆராய்ந்த மருத்துவப் பேராசிரியர் சிம்சன், 1907இல் வெளிவந்த அறிக்கையில், வீட்டு வரிசைகளுக்குப் பின்னே சந்து வெட்டவேண்டும் என்று வற்புறுத்தினார். இன்று செந்தூலில் குப்பை வண்டி வந்து போகும் பின்சந்து நோய்க்கு அஞ்சி ஏற்பட்டது.

செந்தூலில் நம்மவர்

செந்தூல் என்பது ஒரு பழமரத்தின் மலாய்ப் பெயர். அம்மரத்தின் பெயர் பெற்ற இப்பகுதி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில்வே பட்டறை அமைந்ததால் ஊராகச் செழித்தது. கூட்டு மலாய் நாடுகளின் இரயில்வே 1901இல் உருவானது. அதன் மையப் பட்டறையைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த தமிழர் கருமான்களாகவும், பொருத்துநர்களாகவும், எழுத்தர்களாகவும், கூலிகளாகவும் அங்கே வேலை பார்த்தனர். அவர்தம் குவார்ட்டர்ஸ் வீடுகளும் வரிசை வீடுகளே. ஒரு வீட்டில் அம்மி அரைத்தால் மறுவீட்டில் கேட்கும். அச்சுவர் யாருடையது என்ற வழக்கு அங்கே எழவில்லை. அது இரயில்வேயின் சுவர். சுவரில் வெடிப்பு விட்டால் அலுவலகத்தில் சொல்லிவிடுவதோடு குடியிருப்போன் கடமை முடிந்தது.

வேலை ஓய்வுபெற்று, சேமநிதிப் பணத்தில் சொந்த வீடு வாங்கியபோதுதான் நம்மவர் முதன்முதலாகச் சுவருக்கு உடையவராயினர். உடைமை வந்த அளவுக்கு அதைப் பற்றிய அறிவு வரவில்லை என்பதைக் குறையாகக் கூறாமல் இருக்க முடியாது. ஊரிலிருந்து மனையடி சாஸ்திரத்தைக் கொண்டுவந்தோம். எத்தனை அடி அகலம் நலம், எத்தனை அடி கேடு என்று கணக்குப் பார்த்தோம். ஆனால் டெரஸ் மனையின் அகலத்தை வீடமைப்பு நிறுவனம் முன்னரே முடிவு செய்துவிடுகிறது. அதில் நம் கணக்குக்கு இடமில்லை. நாம் பார்த்திருக்க வேண்டிய கணக்கு வேறு. சுவரின் நடுக்கோடு எங்கே செல்கிறது, அதன் அடித்தளம் எவ்வளவு ஆழம், அதன்மீது யாருடைய உத்தரம் அமர்ந்துள்ளது என்பனவே அவை.

தாங்குரிமையும் ஒளியுரிமையும்

இனி முன் கூறிய இரு நம்பிக்கைகளையும் எடுத்துக்கொள்வோம்.

கோலாலம்பூர் எரிந்த அதே 1881ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை சுவர் வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. நியூகாசில் நகரில் இரண்டு வீடுகள் ஒட்டி நின்றன. 1849இல் ஒன்றை வண்டி செய்யும் தொழிற்சாலையாக மாற்றிப் பாரத்தை மிகுதியாக்கினர். ஏறத்தாழ 27 ஆண்டுகள் கழித்து அடுத்த வீட்டை இடித்து, அங்கே ஆழமாகத் தோண்டினர். மண் பிடிப்பிழந்தது, தொழிற்சாலை சரிந்து விழுந்தது. தோண்டியவர்கள் தங்கள் எல்லைக்குள்தான் தோண்டினர். ஆயினும் அக்கட்டடம் இருபதாண்டுக்கு மேல் வெளிப்படையாக அந்நிலத்தின் தாங்குதலில் நின்றதால், தாங்குரிமை பெற்றுவிட்டது என்று தீர்ப்பாயிற்று. டால்டன் எதிர் ஆங்கஸ் என்னும் இவ்வழக்கைச் சட்டம் பயில்வோர் இன்றும் பயில்கின்றனர். 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு படி மேலே சென்றது. அண்டைக் கட்டடத்தின் தாங்குதலைக் கெடுக்காதிருக்கும் கடமைக்கு இருபதாண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்று அது முடிவு செய்தது.

மலேசியாவில் 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்பு, 44ஆம் பிரிவில் நிலவுடைமையாளருக்கு உள்ள உரிமைகளைக் கூறுகிறது. ஒருவர் நிலம் தன் இயல்பான நிலையில் அடுத்த நிலத்தால் தாங்கப்படும் உரிமையும் அவற்றுள் ஒன்று. நிலத்தின் மேலுள்ள கட்டடத்துக்குக் கேடு நேர்ந்தால், கவனக்குறைவு, அயலார்க்கு இடையூறு என்னும் பொதுச் சட்ட நெறிகளின்படி வழக்கு எழும். ஆகவே "என் நிலம், என் குழி" என்று கூறுவோரின் நம்பிக்கை செல்லாது.

வெளிச்சத்தைப் பற்றிய நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் ஆராயத்தக்கது. அது ஊரிலிருந்து வந்தது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின்படி, ஒரு கட்டடம் இருபதாண்டுகள் இடையறாது, தடையின்றி, உரிமையோடு வெளிச்சத்தையும் காற்றையும் அனுபவித்தால் அது நிலைத்த உரிமையாகிவிடும். இங்கிலாந்தின் 1832ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தகையதே. தஞ்சையிலும் மதுரையிலும் சன்னல் வழக்காடியவர்களின் மக்கள் அந்நினைவோடு இங்கே வந்தனர்.

இந்நாட்டின் நில முறையோ வேறு. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் தொடங்கிய பதிவு முறையைப் பின்பற்றியது அது. சிலாங்கூரில் 1891இலேயே அம்முறைச் சட்டம் வந்தது. நிலத்தின் மீதுள்ள உரிமை பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பது அதன் உயிர்க்கொள்கை. நெடுநாள் அனுபவித்தேன் என்ற ஒன்றையே காரணமாக்கி அயலார் நிலத்தின் மீது வசதியுரிமை பெற நம் நிலச் சட்டத் தொகுப்பு இடந்தரவில்லை. உடையவர் எழுதிக் கொடுத்து, அது முறைப்படி பதிவாக வேண்டும். ஆதலால் அடுத்த வீட்டுத் தாழ்ந்த கூரைக்கு மேலாக நம் மாடிச் சன்னலுக்கு நாற்பதாண்டு வெளிச்சம் வந்திருப்பினும், அவ்வீட்டார் அனுமதி பெற்று மாடி எழுப்புங்கால் அவ்வெளிச்சம் போய்விடும். அது அவர் நமக்கு இழைத்த அநீதி என்று கூறுவதற்கில்லை. நாம் அதுகாறும் பெற்றது ஓர் இரவல்.

கட்டும் முறை

சட்டத்தைக் கண்டோம், இனிக் கொத்தனார் பக்கம் வருவோம். 1984ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டட விதிகளின்படி, பொதுச் சுவர் திண்ணிய செங்கல்லாலோ காங்கிரீட்டாலோ கட்டப்படின் 200 மில்லிமீட்டருக்குக் குறையாத கனம் வேண்டும். இருவர் வெவ்வேறு காலத்தில் கட்டுவதாயின் ஆளுக்கு 100 மில்லிமீட்டர் கனத்தில் ஒன்றையொட்டி ஒன்றாக இரண்டு சுவராகவும் எழுப்பலாம். காங்கிரீட் சட்டகத்தில் நிற்கும் வரிசை வீடுகளுக்குக் கனத்தில் சலுகை உண்டு. தீ தாவாதிருக்கச் சுவரைக் கூரைக்கு மேலும் ஏறத்தாழ ஒரு சாண் உயர்த்தவும் விதி உண்டு. வசிக்கும் அறைக்குத் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவேனும் வெளிச்சத்துக்குச் சன்னல் வேண்டும். முற்றம் விடுவதாயின் இரண்டு மாடி வரையுள்ள கட்டடத்தில் அது 7 சதுர மீட்டருக்கும், எப்பக்கத்திலும் இரண்டரை மீட்டர் அகலத்துக்கும் குறையலாகாது. அயலார் வெளிச்சத்தை நம்பாமல் நம் நிலத்துக்குள்ளேயே நமக்கு வேண்டிய வானத்தை வைத்துக்கொள்க என்பதே இதன் கருத்து. நம் முன்னோரின் முற்றம் இங்கே மில்லிமீட்டர்க் கணக்கில் திரும்பி வருகிறது.

பெரும்பாலான இடர்கள் அடித்தளத்தில்தான் நேர்கின்றன. எல்லைக் கோட்டை ஒட்டித் தூண் நிறுத்துவோன் அதன் பாதத்தை அப்பக்கம் நீட்ட முடியாது. ஆகவே பாரம் ஒருபக்கமாகச் சாய்கிறது. அதனைச் சமன் செய்ய உட்புறத் தூணோடு இணைக்கும் உத்தரம் போட வேண்டும். பழைய சுவரின் கடைக்காலைவிட ஆழமாகத் தோண்ட நேர்ந்தால் நீளவாட்டில் ஒரே வாய்க்காலாகத் தோண்டிப் போடுதல் பெருந்தீங்கு. மூன்று நான்கு அடியாகப் பகுதி பகுதியாய்த் தோண்டி, ஒன்றை நிரப்பி உறுதி செய்தபின் அடுத்ததற்குச் செல்லல் வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இக்கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும். ஈயம் அலசி எறிந்த தளர்ந்த மணலும், குடைவுகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறையும் இங்கே பல இடங்களில் உள்ளன. மேலே உறுதியாகத் தோன்றும் தரை கீழே அவ்வாறிராது.

அடுத்த இடர் மழைநீர். பழைய சுவருக்கும் புதிய சுவருக்கும் இடையே விரற்கடை அளவு இடுக்கு இருந்தாலும் போதும். இந்நாட்டு மழை அதில் இறங்கி இரு வீட்டையும் ஊற வைக்கும். உச்சியில் தகடு போட்டு மூடாமல் விட்டால், பிறகு யார் வீட்டு ஈரம் யார் வீட்டுக்கு வந்தது என்பதை எவராலும் தீர்க்க முடியாது. நட்பு முறிவதற்கு இவ்விடுக்கு ஒன்றே போதும்.

எழுதிக் கொள்ளும் ஒழுக்கம்

இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டில் இயற்றிய பொதுச் சுவர்ச் சட்டம் ஒரு நல்ல முறையை வகுத்துள்ளது. பொதுச் சுவரைத் தொடுவோன் இரண்டு மாதங்களுக்கு முன்பும், அயல் கட்டடத்திலிருந்து மூன்று மீட்டருக்குள் அதன் அடித்தளத்தினும் ஆழமாகத் தோண்டுவோன் ஒரு மாதத்துக்கு முன்பும், அயலாருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். நம் சட்டம் இவ்வளவு நுணுக்கமாக வற்புறுத்தினாலும் வற்புறுத்தாவிடினும் அம்முறையை நாமே மேற்கொள்வதற்குத் தடையில்லை. மாநகர் மன்றத்தில் வரைபடம் அனுமதி பெற்றதோடு கடமை முடிந்தது என்று எண்ணலாகாது. வேலை தொடங்கு முன் அயல் வீட்டுச் சுவரிலுள்ள வெடிப்புகளை இருவரும் உடனிருந்து படமெடுத்து நாள் குறித்து வைத்தல் வேண்டும். எவ்வளவு ஆழம் தோண்டப் போகிறோம், சேதம் நேர்ந்தால் யார் செப்பனிடுவது, இடுக்கை யார் மூடுவது என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடல் வேண்டும். பொறியாளர் ஒருவரின் பார்வையும் அத்தாளில் இருத்தல் நன்று.

"அடுத்த வீட்டு அண்ணனிடம் கையெழுத்துக் கேட்பதா? அவர் என்ன நினைப்பார்?" என்று சிலர் கூசுவர். இரயில்வே குவார்ட்டர்ஸ் காலத்து உறவின் நினைவு அக்கூச்சத்துக்குக் காரணம். அன்று சுவருக்குப் பொதுவான உடையவர் ஒருவர் இருந்தார்; உறவு சுவரைச் சுமக்க வேண்டியிருக்கவில்லை. இன்று உடையவர் இருவர். அண்ணன் வீட்டை விற்றுப் போனால் நாளை வருபவர் நம் பேச்சை அறியார். தாள் இருந்தால் என்ன நடந்தது என்பதையேனும் அறிவார். நிலைத்த உரிமை வேண்டுமாயின் தாளும் போதாது, நிலப் பதிவேடே வேண்டும் என்பதை மேலே கண்டோம். அர்த்தசாஸ்திரம் அண்டை வீட்டாரைத் தம்முள் கூடிப் பேசிக்கொள்ளுமாறு விட்டதும், 1189ஆம் ஆண்டு இலண்டனார் ஆளுக்கு ஒன்றரை அடி நிலம் விட்டதும் ஓர் உண்மையை உணர்ந்தே. சுவரை எழுப்பு முன் ஒப்பந்தத்தை எழுப்ப வேண்டும்.

செந்தூல் பட்டறை வளாகத்தின் பழைய செங்கற் கட்டடம் ஒன்று 2005 முதல் நாடக அரங்கமாக நின்று நிலவுகிறது. அப்பட்டறையில் உழைத்தோரின் பேரப் பிள்ளைகள் இன்று தத்தம் மனைகளில் மாடி எழுப்புகின்றனர். தாங்குரிமை, ஒளியுரிமை, பொதுச் சுவர் ஆகிய சொற்களைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் ஒருமுறை எடுத்துரைத்தால், அச்சொற்கள் மாணவர் வழியே வீட்டுக்குச் செல்லும். வீட்டைக் கட்டிப் பார்க்கும் நாளில் அவை நம்மவர்க்குக் கைகொடுக்கும்.